டிரைவர் பக்க மேட்டுக்கு மட்டும் பாலிஷ் இல்லை

என்னங்க,

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அசந்து தூங்குறீங்க, எழுப்பல. பிரிட்ஜுல மீன் கறி இருக்கு.

நீங்க கழுவி வச்ச கார்ல, கால் வைக்கிற மத்த ரப்பர் மேட்டெல்லாம் பாலிஷ்ல மின்னுது, என் பக்கம் மட்டும் மங்கலா இருக்கு. நேத்துச் சண்டைக்குப் பழிவாங்குறீங்கன்னு நினைச்சு, செருப்பைக் கழட்டிட்டு ஏறினேன். கால் கொஞ்சமும் வழுக்கல! சோப்புப் போட்டு, பிரஷ்ஷால கோடு கோடா தேய்ச்சு, வழுக்கும்னு பாலிஷ் தொடாம விட்டிருக்கீங்க. நான் வெறுங்காலோட ஓட்டுறதை அந்தக் கோபத்திலயும் மறக்கலையே, கெட்டிக்காரர் லா நீங்க.

மலர்விழி

இன்னொண்ணு: சாயங்காலம் மேரு டவுன்லேருந்து அத்தையைக் கூட்டிட்டு வரணும். பாலிஷ்ல அவங்களுக்குக் கால் வழுக்கிடும், பின்சீட் மேட்டைக் கழட்டி வாசல்ல வச்சிருக்கேன். அதுக்கும் சோப்புப் போடுங்க.

சண்டை எதுல நின்னுச்சுன்னு எனக்கு மறந்துபோச்சு.