வியாழக்கிழமை காணாமல் போகும் திரை

நாகப்பட்டினம், 2003

ஜூன் 2, திங்கள்

முதலாளி பாயின் மருமகன் ஜாஹித், எங்கள் டிராவல்ஸ் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டு விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். "ஆபீஸ் ஆளுங்களுக்குன்னே செஞ்சதுதான்க்கா, பயப்படாதீங்க." அவனுக்கென்ன, சென்னை பஸ் ஏறிவிட்டான்.

ஜூன் 5, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு. காளியம்மாள் மகன் ஜெயபாலின் துபாய் விண்ணப்பம், மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அடித்தது. அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வந்த பாய், வியாழன்தோறும் செய்வதுபோல் சாம்பிராணி காட்டி, மேஜை, கீபோர்டு, மவுஸ் எல்லாம் துடைத்தார். புகைக்கு விலகி நின்றேன். திரும்பினால் திரையில் வெறும் நீலம்! மெஷின் படுத்துவிட்டது என்று பாய் சுவிட்சை அணைத்துப் போட்டார். அடித்தது எதுவுமே இல்லை.

சேமித்து வைத்தேனா? இல்லை. கடைசியில் செய்யலாம் என்றிருந்தேன், புத்திகெட்டவள்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கும்பகோணத்துலேர்ந்து வேற ஆள் கூட்டியாந்துடுவேன், மங்களா." கஸ்டமர்கள் முன்னால் சொன்னார்.

ஜூன் 6

ஜெயபாலுக்கு மறுபடி முழுவதும் அடித்தேன். கூரியர் போயிற்று.

ஜூன் 10

ஆபீஸுக்குப் புது நாற்காலி வந்திருக்கிறது. யாருக்கு என்று பாய் சொல்லவில்லை. கும்பகோணத்து ஆளுக்கா? பயமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் அணை இன்று திறக்கவில்லை. எங்கள் வயலில் குறுவை கிடையாது. இனி வீட்டில் உலை கொதிப்பது என் சம்பளத்தில்தான்.

இன்றைக்கென்று பார்த்து, பாதி அடித்த விண்ணப்பம் போய் மறுபடி வெறும் நீலம்! அதே சாம்பிராணி நேரம். பாய் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க பாய்!" — நானா கத்தினேன்?

ஜாஹித்துக்குப் போன் போட்டேன். "நாலு திரை இருக்குக்கா. வெறும் இடத்துல மவுஸ் வீலை உருட்டுனா அடுத்ததுக்குப் போயிடும். கீழ நாலு கட்டம் இருக்கு பாருங்க, மொத கட்டத்த அமுக்குங்க."

அமுக்கினேன். அடித்தது ஒரு வரி குறையாமல் அப்படியே இருந்தது. படுபாவி, இதைப் போகும்போதே சொல்லித் தொலைத்தால் என்ன?

சரி, வீலை உருட்டியது யார்? திரும்பிப் பார்த்தேன். பாய் தன் கையிலிருந்த துடைக்கிற துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'நீங்கதான் பாய்' என்று வாய்வரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

ஜூன் 19, வியாழன்

ஜெயபாலுக்கு விசா வந்துவிட்டது. காளியம்மாள் புது நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

பாய் சாம்பிராணியோடு வந்தார். மேஜையைத் துடைத்தார், கீபோர்டைத் துடைத்தார். மவுஸுக்கு வந்ததும் நின்று, துணியை என்னிடம் நீட்டினார்.

"இத நீயே தொடச்சிடும்மா."