நரம்புலயே போடுங்க, டாக்டரம்மா

டாக்டரம்மாவுக்கு, கோமுகி வாய்க்கா ஓரத்துப் பொன்னுரங்கம் கும்புட்டு எழுதிக்கிறது.

எப்டி இருக்கீங்க டாக்டரம்மா? மலை மேல குளுரு ஒத்துக்கினுச்சா? அங்க சாமைச் சோறு ஆக்குவாங்க. மொதல்ல நாலு நாளு வவுறு மந்தமா இருக்கும், அப்பால அது இல்லாம முடியாது. உங்க ஸ்கூட்டி அந்த வளைவுல ஏறுதா, இல்ல பஸ்சுல போயிக்கினு வந்துக்கினு இருக்கீங்களா? பஸ்சுன்னா முன்னாடி குந்துங்க. பின்னாடி குந்தினா கொடலு வாய்க்கு வந்துடும். நான் ஒரு தபா பலாப்பழம் வாங்க மலைக்குப் போயி, எறங்குறப்போ தல சுத்தி, வாங்கின பழத்த பஸ்சுலயே வுட்டுட்டு வெறுங்கையோட வூட்டுக்கு வந்து நின்னேன். எங்க வூட்டுக்காரி தங்கமணி இன்னிக்கும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது.

பொன்னுரங்கம்னா யாருன்னு யோசிக்கிறீங்களா? சாலம்மா இல்ல, அதோட செத்துப்போன வூட்டுக்காரருக்கு அண்ணன். பச்சத் துண்டு. அன்னிக்குச் சாலம்மாவோட மாடு செவலையோட தலையப் புடிச்சிக்கினு குந்தி இருந்தவன். இப்பிடிச் சொன்னா தெரிஞ்சிருக்கும்.

இங்க எல்லாரும் சொகம். டேமுல தண்ணி கம்மிதான். கரும்புக்கு வெட்டு ஆர்டரு இன்னும் வரல, பூ எடுத்துக்கினு நிக்குது. செவலையோட கன்னுக்குட்டிய பக்கத்து வூட்டு மாட்டுப் பாலு வாங்கி ஊத்தி வளத்துட்டுச்சி சாலம்மா. இப்போ புல்லு கடிக்குது.

என் எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்கினு படிங்க. நான் பள்ளிக்கூடம் போனதில்ல. அறிவொளின்னு ஒண்ணு வந்துச்சே, நீங்க அப்போ பொறந்திருக்க மாட்டீங்க, அதுல கத்துக்கினதுதான். பேரு எழுதக் கத்துக்கினதும் கரித்துண்டு எடுத்து அடுத்தவன் கெணத்துச் செவுரு பூராவும் பொன்னுரங்கம் பொன்னுரங்கம்னு எழுதி, அவன் என்ன ஏசினது ஊருக்கே கேட்டுச்சு. படிச்சவங்க யாருகிட்டயாவது சொல்லி இத எழுதிக்கலாம். ஆனா இது அடுத்தவங்க கையால எழுதுற சங்கதி இல்ல. போன்லயும் ரெண்டு தபா போட்டேன். நீங்க எடுத்து, சொல்லுங்க யாருன்னு கேட்டதும் வச்சிட்டேன். அந்த நம்பரு என்னுதுதான்.

முந்தா நேத்து மலையிலேர்ந்து இருசப்பன் வந்தான். கடுக்கா கொண்டாந்து இங்க கடையில போட்றவன். எங்க வூட்ல தண்ணி குடிச்சிட்டுத்தான் போவான். அவனும் அவன் மச்சானும் சேந்து புதுசா ரெண்டு ஜெர்சி மாடு புடிச்சாங்க இல்ல, அதுல மச்சான் மாடு ஈனி ரெண்டாம் நாளு படுத்துக்கினுச்சாம். உங்களக் கூப்புட்டாங்களாம். நீங்க வந்து கால்சியம் பாட்டில எடுத்தீங்களாம், கழுத்த நீவி நரம்பப் பாத்தீங்களாம், அப்பால கை நடுங்குச்சாம். நரம்புல போடாம தோலுக்கு அடியில மட்டும் போட்டுட்டு, கீழேர்ந்து வேற டாக்டரக் கூப்புட்டுக்கோங்கன்னு சொன்னீங்களாம். அவரு வந்து சேர்றதுக்குள்ள மாடு போயிடுச்சாம். அந்தம்மா திண்டு மேல குந்தி அழுதுச்சு பெருசு, மாட்டுக்காரன் அழுவல, டாக்டரு அழுதுச்சுன்னு இருசப்பன் சொன்னான்.

அதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நீங்க ஏன் இங்கேர்ந்து மாத்தல் கேட்டு வாங்கினு மலைக்குப் போனீங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சிது. அங்க எல்லாம் நாட்டு மாடு. ஆழாக்கு பால் கறக்கும், அதுக்கு இந்தச் சீக்கு வராது. பாட்டில கையில எடுக்கவே வேணாம்னு போயிருக்கீங்க.

சுத்தி வளைக்கல, சொல்லிட்றேன். செவல உங்க ஊசியால சாவல. என் கையால செத்துச்சு.

எப்டின்னு கேளுங்க. அதுக்கு முன்ன, புளியமரத்தடியில நீங்க போட்ட கேம்ப் ஞாபகம் இருக்குதா? ஆட்டுக்குப் பூச்சி மருந்து குடுக்க வந்தீங்க. எல்லாரையும் குந்த வச்சி, மருந்து உள்ள போற வழி எத்தினி இருக்குதுன்னு வெரல மடக்கிச் சொன்னீங்க. வாய் வழி, தோலுக்கு அடியில, சதையில, நரம்புல, மடிக்காம்புல, அப்பறம் முதுவுல சும்மா ஊத்துறதுன்னு. ஒரே மருந்து சதையில போட்டா ஒண்ணு செய்யும், நரம்புல போட்டா வேற செய்யும், எடம் தப்பினா ஆள சாச்சிடும்னீங்க. நம்ம அமிர்தம் இல்ல, வாய்த்துடுக்கு, அது எழுந்து, இம்மாம் வழி இருக்குதே டாக்டரே, மாட்டுக்கு எது ரொம்பக் கஷ்டம்னு கேட்டுச்சு. நீங்க சிரிச்சிக்கினே, உங்க ஊரு பெரியவங்க மூங்கி குழாயில புகட்டுறாங்களே, அதான் ரொம்பக் கஷ்டம்னீங்க. அம்மாங்கூட்டமும் திரும்பி என்னப் பாத்துச் சிரிச்சிது. ஏன்னா நம்ம தெருவுல எந்த மாட்டுக்கு மருந்து புகட்டணும்னாலும் என்னத்தான் கூப்புடுவாங்க. நாக்க இழுத்துப் புடிச்சி, தலையத் தூக்கி, குழாயக் கடவாயில வுட்டு ஊத்துறதுல நான் கெட்டி. நானும் சிரிச்சேன். ஆனா சுருக்குன்னுச்சி டாக்டரம்மா. என் பேத்தி வயசு உங்களுக்கு. வூட்டுக்கு வந்து ரெண்டு நாளு நான் சரியாப் பேசல, தங்கமணி இன்னா சீக்குன்னு கேட்டுக்கினே இருந்துச்சு.

படுத்த மாட்டுக்கு வாயில எதுவும் ஊத்தாதீங்க, அதால முழுங்க முடியாது, நேரா நெஞ்சுக்குப் போயிடும்னு அன்னிக்கே சொன்னீங்க. கேட்டேன். காதுல வுழுந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மார்கழியில செவல ஈனுச்சு. மூணாவது ஈத்து. ரெண்டாம் நாளு காலையில கொட்டாயில படுத்தது படுத்தபடி இருக்குது. கழுத்த மடிச்சி வவுத்தாண்ட வச்சிக்கினு, காதெல்லாம் ஜில்லுன்னு. சாலம்மா உங்களுக்குப் போன் போட்டுட்டு, வழி காட்டி கூட்டியார ரோட்டுக்கு ஓடிச்சி. கொட்டாயில நானும் மாடுந்தான். எனக்கு இன்னா தோணுச்சின்னா, இந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள மாட்ட எழுப்பி நிக்க வச்சிடணும். அம்மாந்தான். வேற ஒண்ணும் தோணல.

மொளவு, ஓமம், பனவெல்லம் போட்டு கஷாயம் தங்கமணி காய்ச்சி வச்சிருந்துச்சு, ஈனின மாட்டுக்குக் குடுக்குறதுதான. அதுல நல்லெண்ணெ ஊத்தினேன். தலையத் தூக்கி என் தொடை மேல வச்சேன். நாக்கு கல்லு மாதிரி தொங்குச்சி, இழுத்தா வருது, வுட்டா உள்ள போவல. மொதக் குழா ஊத்தினேன். மாடு முழுங்கல. தொண்டையில கொளகொளன்னு சத்தம் வந்துச்சு. மூக்குல மொளவுத் தண்ணி வந்துச்சு. ரெண்டாவது குழாயும் ஊத்தினேன்.

உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் குழாய கூரையில சொருவிட்டு, செவலையோட மூக்க என் துண்டால தொடச்சேன்.

நீங்க வந்து பாத்ததும் கால்சியம் கம்மின்னு சொல்லிட்டீங்க. காதுல மாட்டுற கருவிய மாட்டு நெஞ்சுல வச்சிக் கேட்டீங்க. உங்க புருவம் சுருங்குச்சு. களகளன்னு கேக்குதே பெரியவரே, வாயில எதுனா புகட்டுனீங்களான்னு கேட்டீங்க. பக்கத்துல சாலம்மா, அமிர்தம், இன்னும் நாலு பேரு. ஒரு சொட்டுத் தண்ணி கூட ஊத்தலன்னு சொன்னேன். நீங்க இன்னொரு தபா கேட்டீங்க. பெத்த புள்ள மேல சத்தியமான்னு நீங்க கேக்கல, நானா பண்ணேன்.

அப்பறம் நீங்க செஞ்சத நான் கிட்ட இருந்து பாத்தேன். பாட்டில வெந்நீரு அண்டாவுல வச்சி சூடு பண்ணீங்க. கழுத்து நரம்புல ஊசிய ஒரே தபாவுல ஏத்துனீங்க. பாட்டில தூக்கிப் புடிக்காம கீழ எறக்கியே வச்சிக்கினு, ஒரு கையில நெஞ்சுச் சத்தம் கேக்குற கருவி, கண்ணு வாட்சுல. ஒரு சொட்டு கூட ஜாஸ்தி போவ வுடல. காதுல சூடு வந்துச்சு. சாணி போட்டுச்சு. ஏப்பம் வுட்டுச்சு. தலைய தானா தூக்கி கன்னுக்குட்டியப் பாத்துச்சு. சாலம்மா உங்களக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. உங்க மருந்து வேல செஞ்சிது டாக்டரம்மா. உள்ள என் கஷாயம் வேல செஞ்சிக்கினு இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சி மூச்சு முட்டி, மூக்குல நொர தள்ளி மாடு போயிடுச்சு.

நரம்புல வேகமா ஏத்திட்டாங்கன்னு மொதல்ல யாரு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் சொல்லல. இல்லன்னும் சொல்லல. நீங்க அறுத்துப் பாத்தா காரணம் தெரிஞ்சிடும், ஒத்துக்கோங்கன்னு சாலம்மாகிட்ட கெஞ்சினீங்க. ஈனின மாட்ட அறுக்கக்கூடாது, புள்ள பெத்தவள அறுக்குற மாதிரின்னு சொல்லி அது மனச மாத்தினது நான். ஊரு வழக்கம்னு நெனச்சிருப்பீங்க. அப்டி ஒரு வழக்கம் எங்க ஊருல இல்ல. அறுத்தா நெஞ்சுல மொளவு இருக்கும்னு எனக்குத் தெரியும்.

சாலம்மா ரோட்டுல குந்தி ரெண்டு கையாலயும் மண்ண வாரி உங்க வண்டி மேல தூத்துச்சு. என் செவலையக் கொன்ன கை வெளங்காமப் போவணும்னு சொல்லித் தூத்துச்சு.  கண்ணாடியில படிஞ்ச மண்ணக்கூட தொடைக்காம வண்டிய எடுத்தீங்க. நான் அங்கதான் நின்னுக்கினு இருந்தேன்.

இன்னிக்குக் காலையில சாலம்மாகிட்ட சொல்லிட்டேன். கன்னுக்குட்டிக்குத் தவுடு கரைச்சிக்கினு இருந்துச்சு. கத்தும், செருப்ப எடுக்கும்னு நெனச்சேன். கரைச்சிக்கினே, எத்தினி குழான்னு கேட்டுச்சு. ரெண்டுன்னேன். மொதக் குழாயிலயே தெரியலயான்னு கேட்டுச்சு. தெரிஞ்சிதுன்னேன். அப்பறம் ஏன் ரெண்டாவதுன்னு கேட்டுச்சு.  

தவுட்டுச் சட்டிய கன்னுக்குட்டி முன்னாடி வச்சிட்டு அதுவே பேசுச்சு. டாக்டரு கை நடுங்குச்சின்னு இருசப்பன் சொன்னப்போ, நான் தூத்தின மண்ணு பலிச்சிடுச்சின்னு உள்ளுக்குள்ள ஒரு ஓரமா சந்தோசப்பட்டேன், அந்தப் பாவத்த எங்க கொண்டு போயிக் கழுவுறதுன்னு கேட்டுச்சு. எங்க தம்பி பொண்டாட்டியா வந்த நாள்லேர்ந்து மாமான்னு கூப்புடாம அது என்கிட்டப் பேசினதில்ல. இன்னிக்குக் கூப்புடல.

டாக்டரம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இருசப்பனோட மாடு இன்னும் பத்து நாள்ல ஈனப் போவுது. அது படுத்தா உங்களத்தான் கூப்புடுவான், அவனுக்கு வேற யாரு இருக்காங்க. அன்னிக்கு நரம்புலயே போடுங்க. உங்க கை தப்பு பண்ணல. நான் பக்கத்துல இருந்து பாத்தவன், அத விட வேற சாட்சி இல்ல. எந்த ஆபீசுல எழுதிக் குடுக்கச் சொன்னாலும் இதே கோணல் எழுத்துல எழுதிக் குடுக்குறேன். நீங்களும் உங்க புள்ள குட்டியும் நல்லா இருக்கணும். என்ன மன்னிக்கச் சொல்லிக் கேக்கல, அது உங்க இஷ்டம். மாட்டுங்கள வுட்டுடாதீங்க.

இந்தக் கடுதாசிய இருசப்பன் கையில குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன். ரெண்டு நாளா இங்கயே தங்கிட்டான், இன்னிக்குப் பகல் பஸ்சுக்குத்தான் போறான். இப்போ வாசல்ல சாலம்மா வந்து நிக்குது. நல்ல பொடவ கட்டிக்கினு, கையில பையி. அதுவும் மலைக்குக் கெளம்பிடுச்சி. உங்க கையப் புடிச்சி, வுட்ட சாபத்தத் திருப்பி வாங்கணுமாம். இன்னா எழுதிக்கினு இருக்கேன்னு கேட்டுச்சு, சொன்னேன். எழுத்துல சொல்லிட்டு இங்கயே குந்திக்கலாம்னு பாக்குறியா, எழுந்து வாய்யா, வந்து அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்துச் சொல்லுன்னு நிக்குது. இருசப்பன் ரோட்டுலேர்ந்து பஸ்சு திரும்பிடுச்சின்னு கத்துறான். டாக்டரம்மா, நானும் வரேன், வந்து நாலு பேரு முன்னாடி சொல்றேன், நீங்க என்னப் பாத்ததும் கதவ மட்டும்