ஐந்தாம் மாடிப் பால் பெட்டி

லான்ஜோ
9 அக்டோபர் 2016

மதிப்புக்குரிய தாங் அத்தைக்கு,

ஒரே வளாகத்தில் எதிரெதிர்க் கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று திட்டாதீர்கள். போனில் உங்கள் லான்ஜோ பேச்சு பாதிக்கு மேல் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் பேசினால் நீங்கள் "என்னது? என்னது?" என்று கத்துகிறீர்கள். எழுதினால் அகராதியைப் புரட்டியாவது படித்துக்கொள்வேன். தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் சுவரில் இருக்கும் ஐந்தாம் மாடிப் பால் பெட்டியைத் திறக்க வருகிறீர்களே, அதில் இதை வைக்கிறேன்.

வீடு நன்றாக இருக்கிறது. ஐந்து மாடி ஏறுவதில் முட்டிதான் கெஞ்சுகிறது. நீங்களும் அதனால்தான் சாவியைக் கீழேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள் போலும்.

அத்தை, நான் குடிவந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வெளிநாட்டவர் குடிவந்த ஒரே நாளில் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் போகலாம்" என்கிறீர்கள். அந்தப் பதிவுச் சீட்டு இல்லாமல் என் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அது இருபத்தைந்தாம் தேதியோடு முடிகிறது. புதுப்பித்தால்தான் என் மகள் மேரிமை இங்கே அழைத்துக்கொள்ள முடியும். ஏழு வயது. இரண்டு வருடமாக எங்கள் ஊர் நரினில் என் அக்காவிடம் வளர்கிறாள். போன வாரம் போனில், "இரு, அம்மாவக் கூப்பிடுறேன்" என்று சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

நாளைக் காலை போகலாமா?

அன்புடன்,
புருலாய்

11 அக்டோபர்

புருலாய் டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து பரவாயில்லை, எங்கள் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அளவுக்கு இருக்கிறது.

இந்த வாரம் எனக்கு முதுகுவலி. காவல் நிலையத்தில் மணிக்கணக்காக நிற்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே, அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஆட்டுக்கறி வேகும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள், மூன்றாம் மாடி வரை வாசனை வருகிறதாம். வடக்கு அறைப் பீரோவைத் தொட வேண்டாம். பெட்டியில் கடிதம் வைக்கலாம். பாலைத் தொடக் கூடாது.

மஞ்சள் ஆற்றுக் காற்று சில்லென்று வீச ஆரம்பித்துவிட்டது. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

தாங் ஷூயிங்

14 அக்டோபர்

தாங் அத்தைக்கு,

முதுகுக்குச் சூடு ஒத்தடம் கொடுங்கள். கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு வைத்திருக்கிறேன், எங்கள் ஊரில் அதைத்தான் தேய்ப்போம்.

நீங்கள் சொன்னபடி ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்த பெண் விலாசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறது யாரு?"

"வீட்டுக்கார அம்மா."

"வீடு அவங்க பேர்ல இல்லையே. லூ யோங்நிங்னு இருக்கு. அவர வரச் சொல்லுங்க. வர முடியலைன்னா குடும்பப் பதிவேட்ட எடுத்துக்கிட்டு அவங்க அம்மா வரட்டும்."

யோங்நிங் உங்கள் மகன் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். அவர் வர வேண்டாம். நீங்கள் பதிவேட்டோடு வந்தால் போதும், பத்து நிமிட வேலை. பதினொரு நாள்தான் இருக்கிறது.

புருலாய்

16 அக்டோபர்

டீச்சருக்கு,

யோங்நிங் ஷென்ஜெனில் இருக்கிறான். பெரிய கம்பெனியில் லிஃப்ட் பொருத்தும் பொறியாளர். நாற்பது மாடி, ஐம்பது மாடி என்று ஓயாத வேலை. இதற்கெல்லாம் அவனைக் கூப்பிட முடியாது. புத்தாண்டுக்கு வரும்போது கேட்டுச் சொல்கிறேன்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கவுன்டருக்கு வர மாட்டேன். எங்கள் குடும்பத்தில் எத்தனை பேர், யார் எங்கே என்று அந்தச் சின்னப் பெண் எதற்குப் பார்க்க வேண்டும்? வேறு ஏதாவது கேளுங்கள். கூடுதல் கம்பளி தருகிறேன். அடுப்பை மாற்றித் தருகிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் கொழுப்பைத் தேய்த்தேன். நாறுகிறது. வலி குறைந்திருக்கிறது.

தாங் ஷூயிங்

18 அக்டோபர்

திருமதி தாங் அவர்களுக்கு,

அத்தை என்று எழுதக் கை வரவில்லை, மன்னியுங்கள்.

இன்று காவல் நிலையத்திலிருந்து பள்ளிக்கே போன் வந்துவிட்டது. முதல்வர் பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கூப்பிட்டு, "இருபத்தஞ்சுக்குள்ள சீட்டு வரலைன்னா நீங்க கிளம்பிக்கலாம்" என்றார். வேறு வீடு பார்க்கலாம் என்று இரண்டு நாளாக ஏழு தரகர்களிடம் அலைந்தேன். என் முகத்தைப் பார்த்து சீனாக்காரி என்று நினைத்துச் சாவியை எடுப்பார்கள். கடவுச்சீட்டைக் காட்டியதும் உள்ளே வைத்துவிடுவார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே, "வெளிநாட்டு ஆளா? வேணாம்மா. போலீஸ், பேப்பர்னு யாரு அலையிறது?" என்றார்.

உங்களுக்கு இது ஒரு பிடிவாதம். எனக்கு என் பெண். அவள் என்னை மறந்துகொண்டிருக்கிறாள்.

சமையலறை இழுப்பறையில் உங்கள் மகனுடைய கம்பெனி அட்டை, போன் எண்ணோடு கிடக்கிறது. நாளை மாலைக்குள் நீங்கள் பதில் எழுதாவிட்டால் நானே அவரிடம் பேசுவேன். அவராவது மனிதராக இருப்பார்.

புருலாய்

20 அக்டோபர்

அத்தை,

நேற்று மாலை பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடிதம் இல்லை. போன் செய்துவிட்டேன்.

எடுத்தவர் அவருடன் வேலை பார்த்தவர். "யோங்நிங்கா? அவரு தவறி ரெண்டு வருஷம் ஆச்சே. வேலையில மேலேர்ந்து விழுந்துட்டாரு. அம்மாதான வந்து அஸ்தி வாங்கிட்டுப் போனாங்க... நீங்க யாரு பேசுறது?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

"அவராவது மனிதராக இருப்பார்" என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. இந்த ஊரில் இரண்டு வருடம் இருந்தவள் நான். பதிவேட்டில் இறந்தவருடைய பக்கத்தில் முத்திரை குத்திப் பெயரை நீக்கும் கவுன்டரும் அதுதான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் மாடிப் பெட்டிக்கு இன்னும் யார் பெயரில் பால் வருகிறது என்றும் இப்போது புரிகிறது.

நீங்கள் அங்கே போக வேண்டாம். பதிவேடு இருக்கிறபடியே இருக்கட்டும். திங்கட்கிழமை மாலை ரயிலில் உரும்ச்சி போய், அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். மேரிம் இங்கே வர முடியாவிட்டால் நான் அங்கே போகிறேன். வேலைக்கு என்ன செய்வது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

வடக்கு அறைப் பீரோவை நான் திறக்கவில்லை. சாவியைப் பெட்டியிலேயே வைத்துவிடுவேன்.

மன்னிப்புக் கேட்கும்,
புருலாய்

21 அக்டோபர், வெள்ளி

புரு,

அட்டையை எடுத்துப் பேசியது தப்பு. அதை நான் மறக்க மாட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ குடிவரும் வரை அந்த வீடு பூட்டியே கிடந்தது. உள்ளூர் ஆளுக்கு விட்டால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். "ஐயோ பாவம், அந்தப் பையன்" என்று எவளாவது ஆரம்பிப்பாள். வெளிநாட்டுக்காரி யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள் என்றுதான் உனக்குக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரிக்குத்தான் காவல் நிலையம் போக வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்? ஊரெல்லாம் தேடி, என்னை அந்தக் கவுன்டருக்கு இழுத்துப்போகிற ஒரே ஆளை நானே பிடித்துக் குடிவைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபமாகத்தான் இருந்தேன். பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உன் பெண் உயிரோடு இருக்கிறாள். பஸ் ஏறினால் வந்துவிடுவாள். அவள் வராமலிருப்பதற்கு நான் காரணமாக இருக்கிறேன் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று காலை போனேன். அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்த இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் இரண்டே பக்கம்தான், என்னுடையதும் அவனுடையதும். அந்தப் பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன உறவு?" என்றாள். "பையன்" என்றேன். "ரெண்டு வருஷமா ஏன் வரல?" என்று கேட்டாள். "முதுகுவலி" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவன் பக்கத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டாள். இனிச் செல்லாது என்று அவனுடைய அடையாள அட்டையின் மூலையை வெட்டி, "இத நீங்களே வெச்சுக்கோங்க அத்தை" என்று கையில் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டு எழுந்தேன். ஆனால் வந்த வேலை பாக்கி இருந்தது. "இதே விலாசத்துல ஒருத்தரப் பதியணும்" என்றேன். உன் பெயரை எழுதக் கேட்டாள். உன் ஒப்பந்தத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தேன். அவனை நீக்கிய அதே பேனாவால்தான் உன் சீட்டிலும் கையெழுத்துப் போட்டாள்.

சீட்டு இதோடு இருக்கிறது. திங்கட்கிழமை ரயில் நிலையத்துக்குப் போகாதே, அனுமதி அலுவலகத்துக்குப் போ. சீக்கிரம் போ, வரிசை நீளமாக இருக்கும்.

பால்காரனிடம் பேசிவிட்டேன். நாளையிலிருந்து பெட்டி உன் பெயரில். நான் ஆறு மணிக்கு வர மாட்டேன், நீதான் இறங்கி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சாமல் குடிக்காதே. பெண் எந்தத் தேதியில் வருகிறாள் என்று முன்கூட்டியே எழுதிவை, இரண்டாகப் போடச் சொல்ல வேண்டும்.

அத்தை