துடைத்த முகம்

செவ்வாய், மே 12

காலையிலேயே அனல். ஸ்டுடியோவில் ஏசி மறுபடி ஒழுகல். பள்ளிச் சேர்க்கைக்குப் பாஸ்போர்ட் போட்டோ. ஒரு பிள்ளையாவது கண்ணைச் சிமிட்டாமல் நிற்கவேண்டுமே!

திருவேட்டக்குடி யோகம் அக்கா வந்தாள். கையில் இலங்கை வன்னிப் போரின் கடைசி மாதத்துப் படம், மூலை மடிந்து. மரத்தடி ஆஸ்பத்திரி. பாயில் அவள் தம்பி, ஷெல்லடியில் செத்தவன். ஞாயிறு ஊர்க்கூடத்தில் நினைவுக்கூட்டம், பெரிதாக்கித் தரவேண்டுமாம்.

"என்ர தம்பி எப்பிடிச் செத்தவன் எண்டு ஊர் பார்க்கட்டும்."

இங்கே வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம், பேச்சு மாறவில்லை.

வியாழன், மே 14

காலை படம் கொடுத்தேன். "வடிவா இருக்கிறான்" என்று அழுதாள். எனக்கும் பெருமை.

மாலை திரும்பி வந்தாள், முகம் சுண்டி. கூடத்துச் செயலாளர் கதிரேசன் படத்தை மாட்ட விடவில்லை. அவரும் கூடவே. மீன்பிடித் தடைக்காலம், வாதாட நேரமா இல்லை? போனை நீட்டினார். இணையத்தில் சுற்றும் அதே படம்.

"இதுல கிளையில சலைன் பாட்டில் தொங்குது, நெத்தியில ரத்தம். உங்க படத்துல ரெண்டும் இல்ல. எது நெசம் தங்கச்சி? எல்லாமே கிராபிக்ஸ்னு நாளைக்கு எவனாவது வீடியோ போடுவான்."

தூக்கிவாரிப் போட்டது. செத்தவர் படம் என்றால் ரத்தம் துடைத்து, நிறம் ஏற்றி, பின்னால் நீலம் அடிப்பது ஸ்டுடியோ வழக்கம். மாலை போடும் படமாயிற்றே. கை தானாகச் செய்துவிட்டது. மடச்சி நான், சாட்சியையே துடைத்திருக்கிறேன்.

"தப்பு என்னோடதுண்ணே." அக்கா தந்த பழைய படத்தைக் காட்டினேன். பாட்டில், ரத்தம், கன்னத்து மணல்.

"இதையும் நீங்க செய்யலேன்னு எப்படி நம்புறது?"

"அக்கா தம்பிய அக்காவுக்குத் தெரியாதா?" என்றேன்.

"அவங்கள நம்புறேங்க. படத்தத்தான்..." தலையைச் சொறிந்தார். "தொடலேன்னு எழுதி, கடை சீல் குத்திக் குடுங்க. எவன் கேட்டாலும் காட்டுறேன்."

ராத்திரி துபாயிலிருந்து என் மச்சான் போன். நடந்ததைச் சொன்னேன். "உனக்கு ஏன் வம்பு?" வைத்துவிட்டேன்.

சனி, மே 16

கடல்காற்று, அப்பாடா. மடிப்பு, கறை, மங்கல், எல்லாம் இருந்தபடியே பெரிதாக்கினேன். கை துறுதுறுத்தது, தொடவில்லை. கீழே 'திருத்தப்படாதது', கையெழுத்து, சீல். ஒன்றுமே செய்யாத படத்துக்கு முதல் முறையாக என் சீல். மனசு நிறைவாக இருந்தது.

துடைத்த படத்தை அக்கா திருப்பித் தரவில்லை. "இது வீட்டுக்கு."

ஞாயிறு, மே 17

கூட்டத்துக்குப் போனேன். கதிரேசனே ஆணி அடித்து மாட்டினார். யோகம் அக்கா தள்ளி நின்று பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வலப்பக்கம் தாழ்ந்து கிடக்கு அண்ணை. நேராக்குங்கோ."