கண் நிற்காத இடம்

ஜனவரி 9, 2025, வியாழன்

பல்கலைக்கழக லாப்பில் எங்கள் ஆய்வுக்காக இன்றைக்கு வாசிக்க வந்த கொரியப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார். என்னோடு வேலை செய்யும் யூன்-ஜி தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் தெரியவில்லை. திருப்பி அனுப்பினோம். ஒரு காலை வீண்.

போன தடவை அண்ணா வீட்டுக்குப் போனபோது அப்பாவுக்கு என் வேலையை விளங்கப்படுத்தப் பார்த்தேன். கணினித் திரையில் ஒரு கொரிய வாக்கியம் சொல் சொல்லாக வரும். பொத்தானை அழுத்தினால் அடுத்த சொல் வரும், முந்தியது மறைந்துவிடும். திரும்பிப் போய் வாசிக்க முடியாது. தாத்தா, ஆசிரியர் போன்றவர்களைப் பற்றிப் பேசும்போது கொரியர்கள் வினைச்சொல்லுக்குள் மரியாதைக்காக ஒரு சின்ன அசையை வைப்பார்கள். சில வாக்கியங்களில் நாங்கள் அதை வேண்டுமென்றே எடுத்துவிடுகிறோம். சிலவற்றில், வைக்கத் தேவையில்லாத ஆளுக்கு வைக்கிறோம். வாசிப்பவர் அந்த இடத்தில் எவ்வளவு தயங்குகிறார் என்று கணினி அளக்கும்.

அப்பா கவனமாகக் கேட்டார். பிறகு, "உதுக்கு ஒரு மெஷின் வேணுமே?" என்றார். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். இப்போதெல்லாம் நல்ல நாட்கள் குறைவு.

ஜனவரி 19, ஞாயிறு

வெக்ஸ்போர்ட், அண்ணா வீடு. வெள்ளிக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அண்ணா வீடு என்றாலும் அது மச்சாள் நிருஜாவின் வீடு. சொல்லாமல் போய் நிற்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. நவரட்ணம் மாமாவும் வந்திருந்தார். இறைச்சிக்கறி, புட்டு, எல்லாம்.

அப்பாவைக் கீழே அவருடைய அறையிலிருந்து மேலே கூட்டிவந்து சோபாவில் இருத்தியிருந்தார்கள். அயர்ன் பண்ணின சட்டை, நெற்றியில் விபூதி. அண்ணா பக்கத்தில் இருந்து ஊட்டாத குறை. "அப்பா, இன்னும் கொஞ்சம் போடட்டோ? சொல்லுங்கோ." மாமா அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். "கிருபன், மகன் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்றார். அண்ணா தலையைக் குனிந்துகொண்டான். (அண்ணாவை நான் எப்போதும் 'அவன்' என்றுதான் எழுதுவேன். ஒன்றரை வயதுதான் வித்தியாசம், சண்டை பிடித்து வளர்ந்தோம்.)

அப்பா மெலிந்திருக்கிறார். சொன்னேன். "வயசுதானே, மச்சாள்" என்றாள் நிருஜா. அவருடைய ஸ்வெட்டரை எடுக்க பேஸ்மென்ற்றுக்கு இறங்கினேன். அறைக் கதவில் வழக்கம்போல ஒரு துவாய் காய்ந்துகொண்டிருந்தது. அறை துப்புரவாக இருந்தது, டெற்றோல் மணம்.

புறப்படும்போது அப்பா என் கையை விடவில்லை. மறதிக்காரர்கள் அப்படித்தான் என்று அண்ணா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான்.

பெப்ரவரி 6, வியாழன்

முதற்கட்ட முடிவுகள் வந்தன. நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை.

மரியாதை பெறக்கூடாத ஆளுக்கு மரியாதை வைத்தால் வாசிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். கண் அந்த இடத்தில் நிற்கிறது. மரியாதை பெறவேண்டியவருக்கு அதை எடுத்துவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. பொத்தானை அழுத்திக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

யூன்-ஜி ஆச்சரியப்படவில்லை. "கூட வைத்தால்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். குறைத்தால் யார் பார்க்கிறார்கள்?" என்றாள் ஆங்கிலத்தில், மதியச் சாப்பாட்டை மைக்ரோவேவில் வைத்துக்கொண்டே.

எங்களுக்கு அப்படியில்லை என்று சொன்னேன். 'அப்பா வந்தான்' என்று எவனாவது எழுதட்டும், தமிழ்க் கண்ணில் முள்ளாகக் குத்தும். பெருமையாகத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 17, திங்கள்

குடும்ப தின விடுமுறை. நேற்றெல்லாம் பனி கொட்டித் தீர்த்துவிட்டது. வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல் அண்ணா வீட்டுக்குக் கிட்ட லோரன்ஸ் பக்கம் மீன் வாங்கப் போனேன். குளிரில் போன் செத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தேன்.

வீட்டின் பின்பக்கம் அண்ணா பனி தள்ளும் சத்தம் கேட்டது. மச்சாளின் காரைக் காணவில்லை. முன்கதவு பூட்டாமல் இருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே கீழே இறங்கினேன்.

கதவில் துவாய் இல்லை. துவாய் தொங்கும் இடத்தில் ஒரு கொளுக்கி. வெளிப்பக்கம். போட்டிருந்தது.

கழற்றியிருக்கலாம். ஏனோ தட்டினேன். கை தானாகத் தட்டியது. அண்ணா பின்கதவால் உள்ளே வந்திருக்கிறான். படியின் மேலிருந்து அவன் குரல் வந்தது:

"என்னத்துக்கு இப்ப தட்டுறாய்? பேசாமல் கிட!"

அவன் என்னோடு பேசவில்லை. நான் வந்ததே அவனுக்குத் தெரியாது.

கொளுக்கியைக் கழற்றினேன். மூத்திர நாற்றம். அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார், சாரம் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணாவைப் பார்த்தார். என் பெயர்கூட அவருக்கு இப்போது வருவதில்லை, இது மட்டும் தெளிவாக வந்தது:

"அவன் நல்லாத்தான் பாக்கிறான், பிள்ளை."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அண்ணாவும் கத்தினான். "போன் போட்டிட்டு வரத் தெரியாதே உனக்கு? போன கிழமை ரோட்டு நடுவில வெறுங்காலோட நிண்டவர், தெரியுமே? பொலிஸ் கொண்டுவந்து விட்டது. ராவில அடுப்பைத் திறந்துவிடுறார். மாசத்தில ஒருக்கா வந்து புட்டுத் திண்டிட்டுப் போற உனக்கு என்ன தெரியும்? ஒரு கிழமை வைச்சுப் பார். ஒரே ஒரு கிழமை!"

என்னிடம் சொல்லும்போது 'நிண்டவர்' என்றான், 'திறந்துவிடுறார்' என்றான். அதையும் கவனித்தேன். என் தொழில் அப்படி.

பெப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவைப் பார்க்டேலில் என் அப்பார்ட்மென்ற்றுக்குக் கூட்டிவந்துவிட்டேன். என் படுக்கையறை அவருக்கு. நான் ஹோலில், சோபாவில்.

நவரட்ணம் மாமா போன் பண்ணினார். "மகன் இருக்கேக்க மகளின்ர வீட்டில அப்பாவை வைச்சிருக்கிறது அழகில்லை, நிலாணி. நாலு சனம் என்ன கதைக்கும்?" அங்கே நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அப்பா எதிரே இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆசையாக இருக்கு மாமா, அதுதான், என்று முடித்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

அப்பா இன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். ஜன்னலருகே இருந்து கீழே தண்டவாளத்தில் போகும் ஸ்ரீற்காரைப் பார்க்கிறார். ஒவ்வொன்று போகும்போதும், "உது யாழ்ப்பாணம் போறதோ?" என்று கேட்கிறார். இல்லை அப்பா, ஸ்படைனா, என்கிறேன். தலையாட்டுகிறார். காலையில் அவரைக் குளிக்கவார்க்க செரீனா என்ற பெண் வருகிறாள், அரசாங்கம் அனுப்புகிற உதவி. 'மிஸ்டர் சிறி' என்று கூப்பிடுகிறாள். அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார். ஸ்ரீஸ்கந்தராசா முழுவதும் அவள் வாய்க்குள் நுழையாது.

இதற்கா அண்ணா அவ்வளவு கத்தினான்?

மார்ச் 27, வியாழன்

நான் குளித்துக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே போய்விட்டார். ஒவ்வொரு மாடியாகத் தேடினேன். கடைசியில் ஸ்ரீற்கார் ஓட்டுநர் ஒருவர் பொலிசுக்குச் சொல்லி, பொலிஸ் எனக்குச் சொன்னது. ஸ்ரீற்கார்ப் பாதையின் கடைசி நிறுத்தத்தில், கோட்டில்லாமல் இருந்தார். கைகள் நீலம்.

திட்டவில்லை. கையைத் தேய்த்துச் சூடாக்கினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நித்திரையில்லை. பராமரிப்பு இல்லத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். வருடக்கணக்கில் காத்திருக்கவேண்டுமாம். பேராசிரியை இந்தக் கோடைக்குள் கட்டுரை வேண்டும் என்கிறார். செரீனாவின் மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள், இனிமேல் கிழமைக்கு இரண்டு நாள்தான்.

சுவரில் மலம் பூசியிருந்தது. துடைத்தேன். அழுதேன். மறுபடி துடைத்தேன்.

மே 20, செவ்வாய்

இன்னொரு முடிவு. வாக்கியத்தில் மரியாதைக்குரிய வேறு யாராவது பக்கத்தில் இருந்தால், பிழையாக வைத்த மரியாதையையும் வாசிப்பவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பக்கத்திலிருப்பவரின் வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத் தெரிகிறதுபோல. பேராசிரியை குதூகலித்தார். எனக்கு நவரட்ணம் மாமாவும் புட்டும் ஞாபகம் வந்தன.

ஆள் இன்றைக்கும் சாப்பிடவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பியது. மூன்று தரம் சூடாக்கி, கடைசியில் குப்பையில் கொட்டினேன்.

அண்ணா ஒரு தரமும் போன் பண்ணவில்லை. எடுத்தால் என்ன சொல்லுவேன்?

ஜூன் 11, புதன்

அடுப்பு. நான் லாப்பில். பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினாள், புகை மணக்குது என்று. ஓடிவந்தால் வெறும் சட்டி சிவந்துபோய்க் கிடக்கிறது, ஆள் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் — கட்டடம் முழுக்கச் சனம்.

பின்னேரம் ஹார்ட்வெயார் கடைக்குப் போய்வந்தேன். சின்னக் கொளுக்கிதான். நான் வெளியே போகிற நேரம் மட்டும். தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் உள்ளே வைத்துவிட்டுத்தான் போவேன். இது வேறு. அங்கே நடந்தது வேறு.

ஜூலை 24, வியாழன்

வெக்கை. உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறது.

செப்டெம்பர் 3, புதன்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். யூன்-ஜி சின்னக் கேக் ஒன்று வாங்கிவந்து வெட்டினாள். ஒரு துண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மெத்தையெல்லாம் அப்பிவைத்திருக்கிறது. இனிப்பே கொடுக்கக்கூடாது.

வீட்டில் இருக்கிற நேரமும் கொளுக்கியைப் போட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு வரி எழுத முடியாது. என்னையும் ஆராவது பார்க்கவேணுமே! நான் என்ன கல்லா?

அக்டோபர் 8, புதன்

எழுதத்தான் வேண்டும்.

இன்றைக்கு இணையவழிக் கருத்தரங்கு. சமையலறை மேசையில் கணினியை வைத்து ஆய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மரியாதை குறைந்த இடத்தில் வாசிப்பவரின் கண் நிற்பதில்லை என்று காட்டும் வரைபடம் திரையில் இருந்தது. அந்நேரம் தட்டுகிற சத்தம். விட்டேன். மறுபடி தட்டல். மைக்கை நிறுத்திவிட்டுத் திரும்பிக் கத்தினேன்:

"என்னத்துக்கு இப்ப தட்டுறாய்? பேசாமல் கிட!"

அறைக்குள் சத்தமே இல்லை. மறுபடியும் தட்டினார்கள். அது வாசற்கதவு.

திறந்தேன். அண்ணா. பிறம்ரனில் லொறியில் லோட் இறக்கிவிட்டு நேரே வந்த வேலை ஜக்கெற், கையில் மச்சாள் கொடுத்துவிட்ட சோற்றுப் பாத்திரம். கீழே யாரோ கதவைத் திறக்க அவர்களோடு சேர்ந்து ஏறி வந்திருக்கிறான். போன் பண்ணவில்லை.

நான் கத்தியது அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்டது. முகத்தில் தெரிந்தது.

அவன் படுக்கையறைக் கதவைப் பார்த்தான், கொளுக்கியைப் பார்த்தான். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "பாத்தியே?" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாத்திரத்தை மேசையில், கணினிக்குப் பக்கத்தில் வைத்தான். போய் மெதுவாகக் கொளுக்கியைக் கழற்றினான்.

அப்பா கட்டில் விளிம்பில் இருந்தார். சாரம் நனைந்திருந்தது. அண்ணாவைப் பார்த்தார். அவனுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நிமிர்ந்து இருக்கப் பார்த்தார், சட்டைப் பொத்தானைத் தேடினார். பிறகு சொன்னார்:

"அவள் நல்லாத்தான் பாக்கிறாள், தம்பி."

அக்டோபர் 9, வியாழன்

லாப்பில் வாசிப்பவர்களைத் திரும்பிப் போக விடுவதில்லை. நான் இன்றைக்கு இந்தக் கொப்பியைத் திரும்பிப் போய் வாசித்தேன். மே மாதத்திலிருந்து, வினைச்சொல் வினைச்சொல்லாக. வாசித்திருக்கக்கூடாது.

அண்ணா நேற்று அப்பாவைத் துடைத்து, சாரம் மாற்றி, சோறு ஊட்டிவிட்டுத்தான் போனான். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "உனக்கும் ஏலாதுதானே, நிலாணி" என்றான். அவ்வளவு அன்பாக அவன் என்னோடு பேசி எத்தனையோ வருடம்.

அப்பாவைக் கொண்டுபோகிறேன் என்று அவன் சொல்லவில்லை. கொண்டுபோ என்று நானும் கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

அண்ணா போன் பண்ணினான். நாளைக்கு மச்சாளையும் நவரட்ணம் மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். "இனிமேல் சொல்லிப்போட்டுத்தான் வருவன்" என்றான். சரி என்றேன்.

பின்னேரம் அப்பாவைக் குளிக்கவார்த்தேன். நாளைக்குப் போட ஒரு சட்டையை அயர்ன் பண்ணி வைத்தேன். அறையை டெற்றோல் போட்டுக் கழுவினேன். எல்லாம் முடிந்தபிறகு கதவை ஒரு தரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, அதில் ஒரு துவாயைக் காயப்போட்டேன்.