வேதவல்லிக்குச் சாத்துக்குடி

ஐப்பசி 8, வியாழன்

மூட்டம். மழை இல்லை. இராப்பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகி, கை எல்லாம் மை.

தொடர்கதையில் வேதவல்லிக்கு ஜுரம். அடையாறு பாலத்தில் மழையில் நின்று அழுதாள் அல்லவா, அதனால். பிழைப்பாளா என்பது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில்தான் தெரியும்.

நான் எழுத்துக்கூட்டிப் படிக்க, என் மனைவி ராஜம்மா அசையாமல் உட்கார்ந்து கேட்கிறாள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசிய எதையும் அவள் இப்படிக் கேட்டதில்லை. இன்று சொல்லிவிட்டாள்: “அந்தப் பொண்ணு செத்துச்சின்னா இனிமே கதை படிக்காதே. நான் கேக்கமாட்டேன்.”

மனசு சரியில்லை. வெண்டைக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

ஐப்பசி 9, வெள்ளி

காதர் பாயோடு அடையாறு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருபவர். திருவல்லிக்கேணியில் தையல் கடை. கதையில் வரும் இடங்களைப் பார்த்துவிடுவது என்று பேச்சு.

பாலம் அப்படியே எழுதியபடி. ஆறு, காற்று, தூரத்தில் தோணி. அவள் சாய்ந்து அழுத கைப்பிடிச் சுவரைப் பாய் தடவிப் பார்த்தார். “அரே, இன்னும் ஈரமா கீது நைனா!” பனி என்றேன். சிரிப்பு. பிறகு நானும் தடவிப் பார்த்தேன்.

ஐப்பசி 10, சனி

மயிலாப்பூர். குளத்துக்கு மேற்கே, சந்து முனை, பச்சை ஜன்னல் வீடு. கிடைத்துவிட்டது! அந்த ஜன்னலுக்குள்தான் வேதவல்லி படுத்திருக்கிறாள். கதை என்று தெரியும். தெரிந்தாலும் நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது? கடைத்தெருவில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டோம்.

கதவைத் திறந்த மாமியிடம் என் வாய் தானாகக் கேட்டுவிட்டது: “பொண்ணுக்கு ஜுரம் எப்படிம்மா கீது?”

“ஈஸ்வரா! இந்த வாரத்துல நீங்க நாலாவது கோஷ்டி. நேத்து ஒருத்தர் கஷாயம் கொண்டுண்டு வந்தார். கதை எழுதறவர் எதிராத்து மாடியில குடியிருந்தார். எங்காத்து ஜன்னலைப் பாத்துண்டே எழுதிட்டார், அவ்வளவுதான். இங்க வேதவல்லியும் கிடையாது, ஜுரமும் கிடையாது.”

வெட்கம். திரும்பி நடந்தோம்.

“நில்லுங்கோ.” மாமியின் குரல் இறங்கிவிட்டது. “பொழைச்சுடுவாளோன்னோ?”

“அல்லா காப்பாத்துவான்மா” என்றார் பாய்.

“அந்தப் பழத்தை வாசப்படியில வெச்சுட்டுப் போங்கோ.”

ஐப்பசி 11, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. பத்திரிகையை மேல்துண்டில் சுற்றி எடுத்து வந்தேன்.

பின்னாலேயே பாய். கடைக்குத் துணி தைக்க வரும் விடுதிப் பையன்களிடம் முடிவைக் கேட்டுவிட்டாராம். ராஜம்மா கரண்டியை ஓங்கினாள். “வாயத் தொறந்தீன்னா பாய், சோறு கெடையாது!” முகத்தில் எதுவும் தெரியக்கூடாது என்று அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள்.

படித்தேன். வை, த், தி, யர். முதல் பக்கம் முழுக்க வைத்தியரும் அழுகையும். அடுத்த பக்கத்தின் அடியில் இருந்தது. கண் விழித்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

“மறுபடி படி.”

படித்தேன்.

“இன்னொரு வாட்டி.”

படித்தேன்.

“எங்க எழுதிக்கீது? காட்டு.”

விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “ஏந்து குந்தினவ இன்னா சாப்ட்டா?”

அதை எழுதவில்லை.

“எத்தினி நாள் படுத்துக்கினு இருந்த பொண்ணு! பட்டினியாவா வுடுவான் அந்த ஆளு?” திட்டிக்கொண்டே அடுப்பை மூட்டினாள். பாயசமாம். பாய் சுவர்ப்பக்கமே திரும்பியபடி சிரிக்கிறார். வீட்டில் வெல்லம் இல்லை. குடையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். போகவேண்டும்.