சூரை வேஷம்

ஜூலை 29

திருவிழாக் கமிட்டிக் கூட்டம். கோர்ம் இன்று குண்டைத் தூக்கிப் போட்டான்.

“எய்னார், இந்தக் கடல்ல சூரை மீனைப் பாத்தவங்க பாதிப் பேர் போய்ச் சேந்துட்டாங்க. வராத மீனுக்கு எதுக்குய்யா வருஷாவருஷம் திருவிழா? சிப்பித் திருவிழான்னு மாத்திடலாம். சிப்பியாவது இருக்கு.”

சூரைத் திருவிழாவில் நாங்கள் பொரித்துத் தின்பது முரல் மீன். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஊர்வலத்தில் முன்னால் நடக்கிற அந்தச் சூரை நான். மற்ற நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவனை, அன்று ஒருநாள்தான் பிள்ளைகள் துரத்திக்கொண்டு வரும்.

திருவிழா முடிந்ததும் வாக்கெடுப்பாம்.

“வருத்தமா?” என்றாள் என் மனைவி மெரேட்டே. எனக்கென்ன வருத்தம் என்று இரண்டு தட்டு உருளைக்கிழங்கு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 4

வேஷத்தைப் பரணிலிருந்து இறக்கினோம். ஜிப் ஏறவில்லை. “துவைச்சதுல சுருங்கியிருக்கும்” என்றாள் மெரேட்டே. அதை நாங்கள் துவைத்ததே கிடையாது. நல்ல மனுஷி.

மகள் சிசெலுக்கு இப்போது பதினாலு. சின்ன வயசில் கானாங்கெளுத்தி வேஷம் போட்டு என் வாலைப் பிடித்துக்கொண்டு வருவாள். இன்று சொல்கிறாள்: “அப்பா, ஐஸ்கிரீம் கடைகிட்ட என் க்ளாஸ் பசங்க நிப்பாங்க. அந்தப் பக்கம் வராதே.”

“ஊர்வலமே அந்த வழிதானேம்மா?”

“அப்ப வேகமா போயிடு.”

சூரை வேகமான மீன்தான். நான் வேறு ரகம்.

ஆகஸ்ட் 12

மழை. ஜிப் இன்னும் ஏறவில்லை.

ஆகஸ்ட் 19

திருவிழா நாள். தூங்குமுன் எழுதிவிட வேண்டும்.

ஊர்வலம் முடிந்து அலைதடுப்புச் சுவரின் கடைசியில் தனியாக உட்கார்ந்தேன், துடுப்பு இரண்டாலும் இடுக்கி, மீன்வாய் வழியாகக் கருப்பு ரொட்டியும் ஊறுகாய் ஹெர்ரிங் மீனும் தின்றுகொண்டு. திடீரென்று எதிரே தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆனது. கானாங்கெளுத்திகள் தெறித்து ஓடின. அவற்றின் பின்னால் — படகு நீளத்துக்கு ஒன்று முழு உடம்பும் வெளியே வர எகிறி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று!

“சூரை! சூரை!” என்று கத்தினேன். கை இரண்டும் துடுப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. காட்ட முடியாமல் துடுப்பை அடித்தேன், குதித்தேன். கரையில் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள். “எய்னார் நல்லா ஆடறான்பா!” பேண்டு வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்கள் வந்து சேர்வதற்குள் கடல் தட்டையாகக் கிடந்தது.

கோர்ம் கேட்டான்: “ஏன்யா, கண்ணாடியில பாத்தியா?”

ஆகஸ்ட் 20

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே சிரிப்பு. “சூரையே பஸ் ஓட்டுதா!”

ஓங்கிலாக, அதாவது டால்ஃபினாக இருக்குமோ? ஓங்கிலுக்கு வால் தட்டை. நான் பார்த்த வால் நிமிர்ந்து நின்றதே. நின்றதா?

ஆகஸ்ட் 23

வாக்கெடுப்பு.  சூரை வேஷக்காரன் சூரையைப் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்?

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நானும் பாத்தேன்.”

சிசெல்! அவள் எப்போது வந்தாள்?

“நீ எங்கேருந்து பாத்தே?” என்றான் கோர்ம்.

“சுவத்துக்குக் கீழ, பாறைக்குப் பின்னால.”

“அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

அவள் க்ளாஸ் பையன்கள் மூன்று பேர் கதவருகே நின்றார்கள். காது சிவந்துவிட்டது அவளுக்கு. “அப்பாகூட சாப்பிடலாம்னு போனேன். யாராவது பாத்துடுவாங்கன்னு ஒளிஞ்சிருந்தேன். ரெண்டு மீன். படகு மாதிரி.”

“குடும்பமே சூரையாயிடுச்சா?” என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

தோற்றோம். “தோற்றோம்” என்று பன்மையில் எழுத நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 9

கடற்கரைச் சாலையில் பஸ்ஸை நிறுத்திவிட்டேன். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கூட்டமே எகிறிக்கொண்டிருந்தது. பயணிகள் எல்லோரும் ஒரே பக்க ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். கோர்மும் இருந்தான். இரண்டு நிறுத்தம் வரை ஜன்னலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தான். இறங்கும்போது மெல்ல:

“சிப்பி வேஷத்துக்குத் துணி வாங்கியாச்சே, எய்னார்...”

அடுத்த வருஷம், ஆகஸ்ட் 18

சிப்பித் திருவிழா. சிப்பிக்கு இரண்டு ஓடு; உள்ளே இரண்டு ஆள் வேண்டும். மேல் ஓட்டுக்கு யாரும் கிடைக்கவில்லை. “நான் வர்றேன், ஆனா ஐஸ்கிரீம் கடை வந்தா மூடிடணும்” என்றாள் சிசெல். மூடினோம். உள்ளே இருட்டு, ஒரே வெக்கை. ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள்.

வெளியே ஊரே கத்தியது: “சூரை! சூரை!” இந்த முறை என்னைப் பார்த்து இல்லை, கடலைப் பார்த்து.

“திறக்கவா?” என்றேன்.

“இரு, சாப்பிட்டு முடி அப்பா.”